துரை கேட்ட காப்பி

போன மாதம் என் மகள் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, படுத்தால் கண் மூட மாட்டேன் என்கிறது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த தண்டனை அது.

டாக்டர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஒன்றும் அகப்படாததால் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க பாட்டி?"

"நானாக் கேட்டுக் குடிக்கது ரெண்டு. அவுகளாக் குடுக்கதையும் சேக்கணுமா?"

"சேக்கணும்."

"அப்ப எம் மகளக் கேளுங்க. எனக்கு எண்ணத் தெரியாது."

காப்பிக்கொட்டைக்குள் கஃபீன் என்று ஒரு வஸ்து இருக்கிறதாம். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, நெஞ்சைத் தட்டுகிறது, கொல்லைக்கு அடிக்கடி போக வைக்கிறது என்றார். தேயிலையிலும் அதே வஸ்துதானாம். வேறு என்று நினைத்து அதற்குத் தேயின் என்று தனியாகப் பேர் வைத்திருக்கிறார்கள். பிறகு பார்த்தால் ரெண்டும் ஒன்றாம். தலைவலி மாத்திரையில்கூட அதைக் கொஞ்சம் போடுகிறார்களாம்.

"எத்தன பேரு வச்சுக்கிட்டுச் சுத்துதான் பாருங்க, போலீசுக்குப் பயந்தவன் மாதிரி" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. ஒரேயடியா நிறுத்தினா தலை இடிக்கும், கொட்டாவி வரும், எல்லார் மேலயும் எரிச்சல் வரும். பயந்துராதீங்க."

"எனக்கு அது பேயாவே வந்திருக்கு டாக்டரய்யா. இனிமே பயப்பட என்ன இருக்கு" என்றேன்.

கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து அப்போதுதான் சிரித்தார். வெளியே ஆள் காத்திருந்ததால் நான் விளக்கம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் என் பிறந்த வீடு. அப்பாவுக்கு மாட்டுவண்டிப் பிழைப்பு. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரைகளின் காப்பித் தோட்டம் இருந்தது. அரிசி, பருப்பு, உப்புக்கண்டமெல்லாம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரைக்கும் வண்டியில் போகும். அங்கிருந்து தலைச்சுமையாக மேலே ஏறும். இறங்கும்போது காப்பி மூட்டை வரும். புடைத்து ஒதுக்கிய உடைசலும் கறுப்பும் வண்டிக்காரர்களுக்கு என்று விட்டுவிடுவார்கள். அதனால், ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள்கூட வாசனை பார்க்காத காலத்தில், எங்கள் வீட்டில் காப்பி ஓடியது.

காப்பி என்பது தோட்டத்தில் துரைகள் சொல்கிற பேர் என்று தெரியும், வீட்டில் நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. கொட்டைத் தண்ணி என்போம். அம்மா மண் ஓட்டில் போட்டுக் கருக வறுத்து, உரலில் இடித்து, பானையில் கருப்பட்டியோடு கொதிக்க விடுவாள். மண்டி அடியில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவாள். பால் கிடையாது. காலையில் ஒரு சிரட்டை, வெயிலில் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. பால்குடி மறந்ததிலிருந்து எனக்கு இதுதான் பழக்கம். அது ஒரு பழக்கம் என்பதே எனக்குத் தெரியாது. மூச்சு விடுவதை யாராவது பழக்கம் என்று சொல்வார்களா?

மாப்பிள்ளை வீடு இராஜபாளையத்தில். மாமனார் பருத்தி வாங்கி விற்பவர். வசதியான வீடு. வண்டிக்காரன் மகளை அவர்கள் எடுத்ததே பெரிது என்று எங்கள் தெருவில் பேச்சு. எனக்குப் பின்னால் ரெண்டு தங்கச்சிகள் இருந்தார்கள். வண்டி ஏறும்போது அம்மா என் காதோடு சொன்னாள்:

"ஏட்டி, அங்க போயி கொட்டைத் தண்ணி அது இதுன்னு வாயத் தெறந்துராத. தோட்டத்துக் கூலி குடிக்கதக் குடிச்சு வளந்தவன்னு ஏசுவாக. குடுக்கதக் குடிச்சுக்கிட்டு இரு."

அவர்கள் கொடுத்தது நீராகாரம். நல்ல நீராகாரம்தான், குறை சொல்லமாட்டேன். மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளத் தருவார்கள். குடித்தால் கண் சொக்கும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் என் தலை இடிக்க ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து உலக்கை போடுகிற மாதிரி. கொட்டாவி என்றால் அப்படிக் கொட்டாவி. மாமனார் எதிரே நின்று ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. பருத்தியிலிருந்து கொட்டை எடுக்க உட்கார்ந்தவள் பருத்திக்குள்ளேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். எழுப்ப வந்த மாமியாரின் கையைத் தட்டிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை, ஆனால் அவருக்குக் கடைசி வரை நினைவிருந்தது.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு, பெரிய குரல். அவர் சொல்லாமல் அந்த வீட்டில் உலை கொதிக்காது. அவர் முதலில் கண்ணேறு என்று முடிவு கட்டினார். புதுப்பெண், ஊரே பார்த்திருக்கிறது, கொட்டாவி வேறு விடுகிறாள், வேறு என்னவாக இருக்கும்? உப்பு, மிளகாய், தெருமண் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி ஏறினால் ஒன்றுமில்லை, நெடியே இல்லாவிட்டால் கண்ணேறு பலம் என்பது வழக்கம். எனக்கு நெடி ஏறிப் புரைக்கேறியது. மாமியாருக்கு அன்றைக்கு ஜலதோஷம், மூக்கு அடைப்பு.

"ஒரு பொட்டு நெடி இல்லயே! எம்புட்டுப் பெரிய கண்ணு பட்டிருக்கும்!" என்றார்.

இருமிக்கொண்டிருந்த என்னை யாரும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் எட்டிப் பார்த்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தெய்யம் பட்டிந்தம்மா!" என்றார். பேய் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். "கல்யாணம் முடிஞ்சு எந்த வழியா வண்டி வந்துச்சு?"

"பொண்ணு வீட்டுச் சாமி செண்பகத்தோப்புல இருக்கு. கும்பிட்டுட்டு வந்தோம்" என்றார் மாமியார்.

"உச்சி வெயில்லயா? தலை நிறையப் பூவோடயா?"

"ஆமா."

"ம்" என்றார் அந்த அம்மாள். அந்த ஒரு 'ம்'மில் என் கதை முடிந்தது.

அன்று சாயங்காலம் நான் உள்ளே படுத்திருக்கிறேன் என்று தெரிந்தே மாமியார் முற்றத்தில் மாமனாரிடம் சொன்னார்:

"அமாவாசை கழிச்சு மறுவீடு போகணும்ல. அதுக்குள்ள தெளிஞ்சா நல்லது. தெளியலன்னா பொண்ண அங்கயே விட்டுட்டு வந்துருவோம். அவுக வச்சு வைத்தியம் பாக்கட்டும். எங்க அண்ணன் மக இருக்கா, எம் மகனுக்குப் பொண்ணா கெடைக்காது?"

மறுவீடு என்பது பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துத் திருப்பி அனுப்புகிற வழக்கம். திருப்பி அனுப்புவதுதான் அதில் முக்கியம். விட்டுவிட்டு வந்தால் ஊருக்கு அர்த்தம் வேறு. பேய் பிடித்துத் திரும்பி வந்தவளின் தங்கச்சிகளை எவன் கேட்டு வருவான்? தலைவலியோடு இதுவும் சேர்ந்துகொண்டது. எனக்கு என்ன நோய் என்று எனக்கே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டைத் தண்ணி மேல் ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். தலையையும் தண்ணியையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா மேலும்தான் ஆசையாக இருந்தது.

செட்டியார்பட்டியிலிருந்து கோடங்கி வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர், பேய் ஓட்டுகிறவர். நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி, பேய்க்கே பயம் வருகிற மீசை. செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் என்னை முற்றத்தில் உட்கார வைத்து, தலையை அவிழ்த்துவிட்டு, காதருகே உடுக்கையை அடிக்க ஆரம்பித்தார். தலைவலிக்காரியின் காதருகே. தெருப்பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகை வாசலில், ஓடுவதற்குத் தோதான இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு நீ? சொல்லு! எங்கருந்து வந்த?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு" என்றேன்.

"பொய் சொல்லாத! மலையா? தோப்பா?"

வேப்பிலை என் முகத்தில் விழுந்தது.

"என்ன வேணும் ஒனக்கு? சேவல் வேணுமா? கெடா வேணுமா? சுருட்டு வேணுமா? சாராயம் வேணுமா? வேணுங்கதக் கேட்டு வாங்கிக்கிட்டு எறங்கிரு!"

வேண்டியதைக் கேள் என்று அந்த வீட்டில் என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா சொன்ன புத்தியெல்லாம் உடுக்கைச் சத்தத்தில் பறந்துவிட்டது.

"மொதல்ல அந்த உடுக்க நிப்பாட்டுங்க" என்றேன். நிறுத்தினார். "எனக்குக் காப்பி வேணும். கருப்பட்டி போட்டு, சூடா, ஒரு சிரட்ட."

கோடங்கி பல பேய்களைப் பார்த்தவர். எதுவும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இது நம்ம சாதிப் பேயி இல்ல. மலையில செத்த வெள்ளக்காரத் துரை."

"துரையா!" என்று மாமியார் வாயில் கை வைத்தார். "துரைன்னா தமிழு பேசுதானே?"

"தோட்டத்துல கூலியாளுகளோட இருந்து இருந்து படிச்சிருப்பான்."

பாவம், எவ்வளவு அழகாகப் பொருத்திவிட்டார்! பேய் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கடைத்தெருவில் ராவுத்தர் கடையில், முகாம் வருகிற அதிகாரிகளுக்காகப் பச்சைக் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். மாமனார் போய் ஒரு பொட்டணம் வாங்கிவந்தார். மாமியார் அடுப்படிக்குப் போனார். நெடுநேரம் கழித்து ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மொச்சை அவிக்கிற மாதிரி கொட்டையை அவித்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"துரை அழுதான்" என்றார் தெலுங்கு அம்மாள்.

"இப்படியில்ல" என்றேன். "ஓட்டுல வறுக்கணும். கருகணும், தீயக்கூடாது. ஆற வச்சு இடிக்கணும். கருப்பட்டித் தண்ணி கொதிக்கப்போ போட்டு எறக்கணும்."

"சமையலுஞ் சொல்லுதானே இந்தத் துரை! பொண்டாட்டி இல்லாதவனோ?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே போய் வறுத்தார். அந்த வாசனை முற்றத்துக்கு வந்தபோதே என் கண் திறந்துகொண்டது. சிரட்டையை வாங்கி ஊதி ஊதிக் குடித்தேன். சோறு வடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, உலக்கை நின்றது. வியர்த்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவிழ்ந்த முடியை நானே அள்ளிக் கொண்டை போட்டேன்.

"பாத்தீகளா!" என்றார் கோடங்கி. அன்றிலிருந்து செட்டியார்பட்டியில் அவர் கை ஓங்கிவிட்டது என்று கேள்வி.

அமாவாசை வரைக்கும் காலையும் மாலையும் துரைக்குக் காப்பி படைக்க வேண்டும், அமாவாசையன்று முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடலாம் என்று சொன்னார். படையல் மிச்சத்தைக் கீழே கொட்டக்கூடாது, வீட்டுப் பெரிய பொம்பளை வாயில்தான் போக வேண்டும் என்றும் விதித்தார். துரை எப்படி இருக்கிறான் என்று பார்க்க அவரும் ரெண்டு வேளையும் நடந்து வருவார். வந்தால் அவருக்கும் ஒரு சிரட்டை.

மாமியார் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி குடித்தார். "தூ, கருகின பானையக் கழுவுன தண்ணி. இதுக்காடா அந்தத் துரை கப்பலேறி வந்தான்!" ரெண்டாம் நாள் கருப்பட்டி கொஞ்சம் கூடியது. பிறகு ஒன்றும் சொல்லாமல் குடித்தார். பிறகு நேரத்துக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினார்.

நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பேய் பிடித்தவளுக்கு வேலை கிடையாது. அவர் நடை வேகமாகிவிட்டது. பேச்சு அதைவிட வேகம். ஆளை விட்டுச் செய்கிற வேலையைத் தானே செய்தார். மத்தியானம் படுத்துப் பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் எழுந்து வந்து பரணை ஒழித்தார். கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். "என்னமோ இந்த வருசம் ஒடம்புல புது ரத்தம் ஊறுது" என்று தெலுங்கு அம்மாளிடம் சொன்னார். சிரட்டைகளும் மெல்ல இடம் மாறின. சின்னச் சிரட்டை துரைக்கு வந்தது, பெரியது மிச்சத்துக்குப் போனது.

"வெள்ளக்காரன் எம்புட்டுக் குடிப்பான்? அவனுக்கு இது போதும்" என்றார்.

அமாவாசை வந்தது. என் முடியில் ஒரு கொத்தை அறுத்து, புளியமரத்தில் ஆணி அடித்தார் கோடங்கி. துரை போய்விட்டான். அவன் தின்ற பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்று மிச்சக் கொட்டையைக் கிணற்றில் போட்டார்கள். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் நல்லாயில்லை.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். இந்தத் தடவை நான் முடிச்சைப் போட்டுவிட்டிருந்தேன். குடித்தால் வலி போகிறது, குடிக்காவிட்டால் வருகிறது. நாளைக்கு வரும். வந்தால் துரை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டான் என்பார்கள். ரெண்டு நாளில் மறுவீடு. என்னை வண்டியில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள், திரும்ப ஏற்ற மாட்டார்கள்.

மறுநாள் வலி சொன்னபடி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொட்டாவி வரும்போதெல்லாம் குனிந்து பருத்தி பொறுக்கினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் மாமியார் நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். மாமனார் ஏதோ கேட்கப் போனவர் தட்டு பறந்து வந்ததால் திரும்பிவிட்டார்.

தெலுங்கு அம்மாள் வந்து பார்த்தார். மாமியார் அவர் முகத்துக்கு நேராக ஒரு கொட்டாவி விட்டார்.

"ஐயோ! மருமகள விட்டுட்டு மாமியார் மேல ஏறிட்டானே துரை!"

மாமனார் உடனே செட்டியார்பட்டிக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் தனியாகத் திரும்பி வந்தான்.

"கோடங்கி வரமாட்டாக. தலையில துணியக் கட்டிட்டுப் படுத்துக் கெடக்காக. மண்டையப் பொளக்குதாம். பக்கத்துல போனா வைதாக."

மாமியார் எழுந்து உட்கார்ந்தார். துணியை அவிழ்த்தார். முதலில் மாமனாரைப் பார்த்தார். நன்றாக இருந்தார். கொட்டகை வாசலில் நின்ற தன் மகனைப் பார்த்தார். அவரும் நன்றாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொள்வதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

"நீ உள்ள வா" என்றார்.

அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, குடிச்ச மூணு பேருக்கும் மண்டவலி. குடிக்காத ரெண்டு ஆம்பளையும் கல்லுப் பிள்ளையாரு மாதிரி நிக்காக. உண்மையச் சொல்லு. ஒங்க அப்பன் வீட்டுல இது உண்டுமா?"

"உண்டு அத்த."

"எம்புட்டு நாளா?"

"பொறந்ததுல இருந்து."

"அப்ப துரை?"

"நான் துரைன்னு சொல்லவேயில்ல அத்த. கோடங்கி சொன்னாக. நான் காப்பின்னுதான் சொன்னேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசனை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரன் மகள் ஏமாற்றிவிட்டாள் என்று சத்தம் போட்டால் முடிந்தது.

"இத வெளிய சொன்னா என்ன ஆகும்?" என்று என்னைக் கேட்டார்.

"என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக."

"ஒன்னைய அனுப்புவாக. என்னையச் சும்மா விடுவாளா இந்தத் தெரு? துரை குடிச்ச மிச்சத்தப் பெரிய சிரட்டையில வாங்கிக் குடிச்சவன்னு நான் சாகுத வரைக்கும் சொல்லுவாளுக." நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ராவுத்தர் கடையில கொட்ட இன்னும் இருக்கும்லா?"

"இருக்கும். ஆள் விட்டாக் கேப்பாகளே அத்த, என்னத்துக்குன்னு."

"தலவலிக் கசாயத்துக்குன்னு சொல்லு. கசாயம் குடிக்கவள எவ கேப்பா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கசாயம் என்று பேர். தலைவலி ரெண்டு பேருக்கு என்பதால் கசாயமும் ரெண்டு பேருக்கு. கோடங்கிக்கும் ஒரு பொட்டணம் போயிற்று, மருந்து என்று சொல்லி. அவர் எழுந்து நடமாடிவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு உடுக்கையோடு வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் நாங்கள் ரெண்டு பேரும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவர் என்னோடு சண்டை வந்தால் ஒரு எல்லைக்கு மேல் போக மாட்டார். உள்ளே துரை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு. அதை நான் ஏன் தீர்த்துவைக்க வேண்டும்?

மறுவீட்டுக்கு மாமியாரும் வந்தார். பேய் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா முகத்தில் ரத்தமில்லை. வாசலில் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. இனி இந்தக் கை இங்கேதான் என்று நினைத்துவிட்டாள். வந்தவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று உரலைக் கழுவி, வறுக்கிற ஓட்டை ஒளித்து, வீட்டில் காப்பி வாசனையே இல்லாமல் செய்துவைத்திருந்தாள். பெரிய செம்பில் பானகம் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாமியார் பானகத்தைக் குடித்தார். இன்னும் ஏதோ வரும் என்று பார்த்தார். வரவில்லை. ஒரு கொட்டாவி விட்டார். அம்மா நடுங்கிப்போனாள்.

"சம்பந்தியம்மா" என்றார் மாமியார், குரலைத் தணித்து. "நம்ம வீட்டுல அந்தக் கசாயம் கெடையாதா?"

"எந்தக் கசாயம்?"

"ஒங்க மக குடிச்சு வளந்த கசாயம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் உள்ளே ஓடினாள். ஓடு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா எதற்கு என்று தெரியாமலே உரலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமியார் ரெண்டு சிரட்டை குடித்தார். கருப்பட்டி எத்தனை வட்டு, கொட்டை எந்த நிறத்தில் இறக்குவது என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். உடைசலைப் பழைய வேட்டியில் பெரிய பொட்டணமாகக் கட்டி அம்மா கொடுத்தாள். வெயில் தாழ்ந்ததும் வண்டி பூட்டினார்கள். மாமியார் முதலில் பொட்டணத்தை ஏற்றினார், பிறகு என்னை ஏற்றினார்.